மறைந்து நோக்கலும் பழகி நோக்கலும்: கார்த்தியே-பிரெஸ்ஸான் வழித் தெரு ஒளிப்படக்கலையும் பெரம்பலூர், அரியலூர்த் தெருக்களும்

ஆய்வுச் சுருக்கம்

தெருவில் செல்வோரை அவர்கள் அறியாமலேயே இயல்பு நிலையில் படமெடுக்கும் முறை, பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸான் (1908–2004) வழியாக உலகெங்கும் பரவியது. இந்தியாவில் அம்முறையைக் கற்று, அதனோடு வாதிட்டுத் தமக்கென ஒரு வழியை அமைத்துக்கொண்டவர் ரகுபீர் சிங் (1942–1999). இம்முறை பெருநகரத்தில் ஒருவரையொருவர் அறியாத நிலையை அடித்தளமாகக் கொண்டது. பெரம்பலூர், அரியலூர் போன்ற சிறு நகரங்களில் அந்த அடித்தளம் இல்லை. அங்கே மறைந்து நிற்கும் ஒளிப்படக்காரரே தெருவில் மிகுதியாகக் கவனிக்கப்படுபவர் ஆகிறார். முன்னோடியின் புறக்கூறுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் பின்பற்றல் இத்தகைய ஊர்களில் கலை அடிப்படையிலும் அற அடிப்படையிலும் தடுமாறுகிறது என்பதையும், 'இயல்பு' என்பதற்கு வேறொரு பொருள் காண வேண்டியுள்ளது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தெரு ஒளிப்படக்கலை, இயல்புப் படம், கார்த்தியே-பிரெஸ்ஸான், ரகுபீர் சிங், நேர்நோக்கு, பெரம்பலூர், அரியலூர்.

1. முன்னுரை

எடுக்கப்படுபவருக்கு முன்கூட்டி உணர்த்தாமல், அவர் தம் போக்கில் இருக்கும் நிலையிலேயே எடுக்கும் படத்தைக் 'கேண்டிட்' படம் என்று ஒளிப்படக்காரர்கள் வழங்குவர். இக்கட்டுரை அதனை 'இயல்புப் படம்' எனக் குறிக்கிறது. கைப்பேசியிலேயே தரமான கேமரா அமைந்துவிட்ட இக்காலத்தில், இயல்புப் படம் எடுப்போர் தமிழகத்தின் சிறு நகரங்களிலும் பெருகியுள்ளனர். முன்னோடி ஒருவரின் படங்களைப் பார்த்துப் பழகி, அவருடைய முறையில் தம் ஊர்த் தெருவை எடுத்துப் பார்ப்பது இக்கலையைக் கற்போர் பலரும் மேற்கொள்ளும் முதற்பயிற்சியாகும்.

பின்பற்றுதல் குறையன்று. தமிழ் மரபில் முன்னோர் வழி நிற்றல் போற்றுதற்குரியதாகவே கருதப்படுகிறது. எனினும் முன்னோரிடமிருந்து எது எடுத்துக்கொள்ளப்படுகிறது என்ற வினா எழுகிறது. சட்டகத்தின் அமைப்பு, நிழலின் பயன்பாடு, காத்திருக்கும் உத்தி ஆகியவை எளிதில் கற்கத்தக்கவை. அந்த உத்திகள் எந்தச் சமூக நிலையில் பிறந்தன, அந்நிலை தம் ஊரில் உள்ளதா என்ற ஆராய்ச்சி பெரும்பாலும் நிகழ்வதில்லை.

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களும் இவ்வினாவை எழுப்புதற்கு ஏற்ற களங்கள். திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995ஆம் ஆண்டு பெரம்பலூர் பிரிந்தது. பெரம்பலூரிலிருந்து 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007 நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டமானது அரியலூர். வெளியுலகம் இப்பகுதியைப் படங்களில் பெரிதும் இரண்டு வாயில்கள் வழியாகவே கண்டுள்ளது. ஒன்று கங்கைகொண்ட சோழபுரத்தின் கோயில். மற்றொன்று விபத்துச் செய்தி. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே நிகழ்ந்த தொடர்வண்டி விபத்தும், அதற்குப் பொறுப்பேற்று இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும் இவ்வூர்ப் பெயரை நாடறியச் செய்தன. கோயிலுக்கும் விபத்துக்கும் இடையிலுள்ள அன்றாடத் தெரு படத்தில் இடம்பெறுவது அரிது. ஆகவே இங்கே தெரு ஒளிப்படக்கலைக்கு உண்மையான தேவை உள்ளது. அத்தேவையை எம்முறை நிறைவு செய்யும் என்பதே இங்கு ஆராயப்படுவது.

2. கணமும் களவும்: மரபின் ஊற்று

கார்த்தியே-பிரெஸ்ஸானின் புகழ்பெற்ற நூல் 1952இல் வெளிவந்தது. அதன் ஆங்கிலப் பதிப்பின் தலைப்பு 'தீர்மானிக்கும் கணம்' என்று பொருள்படும். சிதறிக் கிடக்கும் உருவங்கள் ஒரு நொடியின் சிறு பகுதியில் ஒழுங்கு பெறும்போது விசையை அழுத்துவதே கலை என்னும் கருத்து இத்தலைப்பின் வழியே நிலைபெற்றது. 1932இல் பாரிஸின் சாங் லசார் இரயில் நிலையத்தின் பின்புறம் எடுத்த படம் இதற்கு என்றும் காட்டப்படும் சான்று. தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரின் குதிகால் நீரைத் தொடுவதற்கு முந்திய கணம் அது. வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுக்கப்பட்டதாக அறியப்படுகிறது.

பிரெஞ்சுப் பதிப்பின் தலைப்போ வேறு. 'இமாஜ் ஆ லா சோவெத்' என்னும் அத்தொடர், அவசரமாக, பிறர் கண்ணுக்குத் தப்பி எடுத்த படங்கள் என்ற பொருளைத் தருவது. உரிமம் இல்லாமல் நடைபாதையில் கடை விரித்து, காவலரைக் கண்டவுடன் மூட்டை கட்டி ஓடும் வியாபாரத்தைக் குறிக்கவும் பிரெஞ்சு மொழியில் இத்தொடர் வழங்குகிறது. ஆங்கிலத் தலைப்பில் ஒளிப்படக்காரர் கணத்தைத் தீர்மானிக்கும் ஆளுமையாகத் தோன்றுகிறார். பிரெஞ்சுத் தலைப்பில் அவர் அனுமதி இல்லாமல் தெருவில் தொழில் செய்பவர். தம் செயலில் ஒரு களவுத்தன்மை இருப்பதை அத்தலைப்பு ஒப்புக்கொள்கிறது. ஆங்கிலத்தின் வழியே இம்மரபைப் பெற்ற இந்திய ஒளிப்பட உலகில் முதற்பொருள் மட்டுமே பரவியது. இரண்டாவது பொருளோடு சேர்ந்து வரும் தயக்கம் பரவவில்லை.

அவருடைய செயல்முறையும் இக்களவுக்கு ஏற்பவே அமைந்தது. கையடக்கமான லைக்கா கேமராவின் பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொள்வார். மின்வெட்டு விளக்கைப் பயன்படுத்துவதில்லை. கூட்டத்தில் கரைந்து நிற்பதே அவருடைய ஆற்றல். அதே வேளையில், தம்மைப் பிறர் படமெடுப்பதை அவர் பெரிதும் வெறுத்தார். 1975இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் மதிப்புறு பட்டம் பெற்றபோது படமெடுப்போரிடமிருந்து தப்புவதற்காகத் தாளொன்றால் முகத்தை மறைத்துக்கொண்டார் என்பது பதிவாகியுள்ளது. தெருவில் அறியப்படாதவராக நடமாட வேண்டிய தொழில் தேவை இதற்குக் காரணம் என்பர். ஆயினும் மறைந்து பார்க்கும் உரிமையைத் தமக்கும், மறைத்துக்கொள்ளும் உரிமையையும் தமக்கே வைத்துக்கொண்ட நிலை இது என்பதையும் மறுக்க இயலாது.

இத்தயக்கத்தைச் செயலில் காட்டியவர் அமெரிக்கரான வாக்கர் எவன்ஸ். 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்கத் தொடர்வண்டியில் மேலங்கிக்குள் கேமராவை மறைத்து எதிரே அமர்ந்திருந்தோரைப் படமெடுத்தார். அப்படங்களை நூலாக வெளியிட்டது 1966இல்தான். கால் நூற்றாண்டுக் காலம் அவற்றை வெளியிடாமல் வைத்திருந்தார். எடுத்த அன்றே உலகமெங்கும் படம் பரவும் இக்காலத்தில் அந்தக் காலத்தாழ்வின் பொருள் கூடுகிறது.

3. தமிழ் நிலத்தில் முன்னோடி

கார்த்தியே-பிரெஸ்ஸான் 1947இல் இந்தியாவுக்கு வந்தார். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளைச் சந்தித்துத் திரும்பிய சிறிது நேரத்திலேயே காந்தியடிகள் கொல்லப்பட்டார். இறுதி ஊர்வலத்தை அவர் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றன. அவருடைய தமிழ் நிலப் பயணம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியை இறுதி நாட்களிலும், ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்த பின்னரும் படமெடுத்தார். அம்மாத இறுதியில் புதுச்சேரி சென்று ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தார்.

இவ்விரு நிகழ்வுகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஸ்ரீ அரவிந்தர் பல ஆண்டுகளாகப் படமெடுக்க இசையாதிருந்தவர். ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே அன்பர்களுக்குக் காட்சி தந்தார். ஆசிரமத்தின் அனுமதியைப் பெற்ற பின்னரே அப்படங்கள் எடுக்கப்பட்டன. திருவண்ணாமலையிலும் ஆசிரமச் சூழலுக்குள் ஏற்கப்பட்ட விருந்தினராகவே அவர் இருந்தார். பாரிஸ் தெருவில் வேலி இடுக்கில் நின்று எடுத்தவர், தமிழ் நிலத்தில் முன்வாயில் வழியே வந்து, கேட்டு, காத்திருந்து எடுத்தார். அதனால் அப்படங்களின் இயல்புத்தன்மை குன்றவில்லை. 'மறைந்திருந்தால்தான் இயல்பு கிட்டும்' என்னும் நம்பிக்கைக்கு எதிரான சான்று முன்னோடியின் படைப்புகளுக்குள்ளேயே உள்ளது.

4. ரகுபீர் சிங்: பின்பற்றலும் வாதிடலும்

இந்தியாவில் இம்மரபின் வளர்ச்சியை அறிய ரகுபீர் சிங்கைக் காண வேண்டும். ஜெய்ப்பூரில் பிறந்த அவர், பள்ளிப்பருவத்தில் தம் இல்லத்திலேயே கார்த்தியே-பிரெஸ்ஸானின் ஜெய்ப்பூர்ப் படங்கள் கொண்ட நூலைக் கண்டார். 1966இல் முன்னோடி மீண்டும் ஜெய்ப்பூர் வந்தபோது, அவர் தெருவில் பணியாற்றுவதைச் சில நாட்கள் உடனிருந்து பார்த்தார். கையில் ஏந்திய சிறு கேமரா, கூட்டத்தினுள் இருந்தே பார்த்தல், ஏற்பாடு செய்யாத காட்சி ஆகியவை அவருக்கு அவ்வழி வந்தவை.

வாங்கியதை அவர் அவ்வாறே வைத்துக்கொள்ளவில்லை. முன்னோடி கறுப்பு வெள்ளையைக் கலையாகவும் வண்ணத்தைக் கலைக்குப் புறம்பானதாகவும் கருதினார். ரகுபீர் சிங் தம் வாழ்நாள் முழுதும் வண்ணத்திலேயே பணியாற்றினார். ஒளிப்படக்கலை இந்தியாவில் பிறந்திருந்தால் வண்ணம் ஒரு சிக்கலாகவே கருதப்பட்டிருக்காது என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1998இல் வெளிவந்த 'வண்ண ஆறு' என்று பொருள்படும் நூலின் நீண்ட முன்னுரை இவ்வாதத்தை விரிக்கிறது. மேலைத் தெரு ஒளிப்படத்தில் மேலோங்கும் தனிமையுணர்வும் அந்நியமாதலும் இந்தியத் தெருவுக்கு உரியவை அல்ல என்பதும் அவர் கொண்ட நிலைப்பாடு.

இவ்வேறுபாடு படத்தின் அமைப்பிலேயே புலப்படும். 1948இல் ஸ்ரீநகரில் கார்த்தியே-பிரெஸ்ஸான் எடுத்த படத்தில், மலைச்சரிவில் நின்று தொழும் பெண்கள் பின்புறமாகவே பெரிதும் காட்டப்படுகின்றனர். ஏந்திய கைகளும் தொலைவின் மேகமும் மலையும் ஒரே கோட்டில் இசைகின்றன. கண் சென்று தங்க ஓரிடம் உண்டு. ரகுபீர் சிங் 1991இல் ஹௌராவில் எடுத்த நடைபாதைக் கண்ணாடிக் கடைப் படத்தில் அத்தகைய ஒற்றை மையம் இல்லை. கண்ணாடிகளில் தெருவின் துண்டுகள் தெறிக்கின்றன. எது நேரே உள்ளது, எது எதிரொளிப்பு என்று பிரித்தறியக் கண் அலைகிறது. ஒரு கணத்தின் உச்சத்தைக் காட்டுவதற்கு மாறாக, ஒரே இடத்தில் பல வாழ்வுகள் உடனிகழ்வதை இப்படம் காட்டுகிறது. 1967இல் பிகாரின் மோங்கீரில் எடுத்த மழைப் படத்தில் நனைந்த சேலைகளுடன் ஒருவரையொருவர் ஒட்டி நிற்கும் பெண்களும் அவ்வாறே. அங்கே குதிப்பவர் எவருமில்லை. நிற்றலும் பொறுத்தலுமே நிகழ்கின்றன.

தமிழகத்துக்கெனத் தனி நூலொன்றையும் 1990களில் அவர் உருவாக்கினார். அவர் மறைவுக்குப் பின் 2002இல் வெளிவந்த நூலில் அம்பாசடர் கார் மையப்பொருளாகிறது. காரின் கதவும் கண்ணாடியும் சட்டகத்தைப் பல அறைகளாகப் பிரிக்கின்றன. வழிப்போக்கராகத் தாம் பார்ப்பதை மறைக்காமல், பார்க்கும் கருவியையும் படத்துக்குள் கொண்டுவந்தமை இந்நூலின் சிறப்பு. அதே நேரம், கார் ஓர் எல்லையுமாகும். காருக்குள் இருப்பவர் எந்நேரமும் கிளம்பிவிடலாம். வெளியே நிற்பவர் அவ்வூரிலேயே இருக்க வேண்டியவர். வண்ணத்தைப் பற்றி முன்னோடியோடு வாதிட்ட ரகுபீர் சிங், ஒளிப்படக்காரரின் இவ்விடுதலையைப் பற்றி அத்துணை அழுத்தமாக வாதிடவில்லை. அவ்வகையில் அவர் விட்டுச்சென்ற பணி முடியாத பணியே.

5. அந்நியர் மறைய இயலாத தெரு

மறைந்து நோக்கலுக்குப் பெருநகரம் இன்றியமையாதது. பாரிஸ், நியூயார்க், கொல்கத்தா, மும்பை ஆகியவற்றின் தெருக்களில் எவரும் எவரையும் அறியார். அங்கே ஒளிப்படக்காரர் கூட்டத்தில் ஒருவர். எடுக்கப்படுபவரும் அப்படியே. படம் வெளிவந்தாலும் அவரை அடையாளம் காண்போர் அரிது. 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46 இலட்சத்தைத் தாண்டியது. பெரம்பலூர் மாவட்டம் முழுமைக்கும் அது 5,65,223 மட்டுமே. தமிழக மாவட்டங்களுள் அன்று மிகக் குறைந்த மக்கள்தொகை இதுவே. அரியலூர் மாவட்டத்தில் 7,54,894.

எண்ணிக்கையைவிட உறவின் நெருக்கம் முதன்மையானது. பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்துக்குச் சின்ன வெங்காய மூட்டையோடு வருபவரைத் தேநீர்க் கடைக்காரர் ஊர்ப்பெயரோடு அறிவார். அரியலூரில் இறங்கும் பயணியை ஆட்டோ ஓட்டுநர் இன்னார் மகன் என்று சொல்லிவிடுவார். கேமராவோடு நிற்கும் புதியவரை நோக்கி, 'எந்த ஊரு? எதுக்குப் படம் எடுக்கறீங்க?' என்ற வினா சில நிமிடங்களில் வந்துவிடும். அவ்வினாவுக்கு விடை சொல்லாமல் அத்தெருவில் நீண்ட நேரம் நிற்க இயலாது.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவது கலை சார்ந்தது. மறைவதற்கு இடமில்லாத தெருவில் மறைய முயல்பவர் தொலைநோக்கு வில்லையை நாடுகிறார். தொலைவிலிருந்து எடுத்த படத்தில் முகம் பெரிதாகிறது, பின்புலம் மங்குகிறது, தெரு காணாமற்போகிறது. கார்த்தியே-பிரெஸ்ஸான் பெரிதும் பயன்படுத்தியது மனிதரை அவர்தம் சூழலோடு காட்டும் 50 மில்லிமீட்டர் வில்லை. அவரைப் பின்பற்றுவதாகக் கூறி எடுக்கப்படும் தொலைவில்லைப் படம் அவருடைய அடிப்படைக்கே முரணாகிறது. முதியவரின் சுருக்கம் விழுந்த முகம், பீடி புகைக்கும் வாய், குழந்தையின் வியந்த கண் என ஒரு சிறு பட்டியலுக்குள் இத்தகைய படங்கள் அடங்கிவிடுகின்றன. அப்படம் பெரம்பலூரில் எடுக்கப்பட்டதா, பீகாரில் எடுக்கப்பட்டதா என்று அறிய அதில் குறிப்பேதும் இராது.

இரண்டாவது அறம் சார்ந்தது. பெருநகரத்தில் முகமறியாதவராக இருக்கும் மனிதர் சிற்றூரில் பெயருடையவர். மதுக்கடை வாயிலில் நின்றவர், அடகுக் கடையிலிருந்து வெளியே வந்த பெண், பேருந்து நிறுத்தத்தில் ஓர் ஆணோடு பேசிக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஆகியோரின் படம் நகரத்தில் ஒரு காட்சி மட்டுமே. சிற்றூரில் அது ஒரு செய்தி. கைப்பேசிக் குழுக்களின் வழியே மாலைக்குள் அவர்தம் வீட்டை அடைந்துவிடும். சாதியும் உறவும் கண்காணிப்பும் இறுகிப் பின்னிய தெருவில் அப்படம் அப்பெண்ணின் படிப்பை நிறுத்தவும் கூடும். 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. பொதுவிடத்தில் நிற்பதாலேயே ஒருவர் தம் தனியுரிமையை முற்றிலும் இழந்துவிடுவதில்லை என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் ஏற்கப்பட்டுள்ளது. சட்டம் எவ்வாறாயினும், விளைவைத் தாங்குபவர் படத்தில் இருப்பவரே, எடுத்தவர் அல்லர்.

6. நேர்நோக்கு குறையா?

இயல்புப் படம் எடுப்போர் சிற்றூர் மக்களைப் பற்றிக் கூறும் பொதுவான குறை ஒன்றுண்டு. கேமராவைக் கண்டதும் அவர்கள் நிமிர்ந்து, சட்டையைச் சரிசெய்து, நேரே பார்த்து நின்றுவிடுகிறார்கள் என்பதே அது. இதனை இயல்பு கெடுதல் என்று கருதுவது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

தமிழகச் சிறு நகரங்களில் ஒளிப்படம் படநிலையத்தின் வழியாகவே வேரூன்றியது. திருமணம், மஞ்சள் நீராட்டு, வெளிநாட்டுப் பயணம் முதலிய வாழ்வுத் திருப்பங்களில் குடும்பம் நல்லாடை உடுத்தி, திரைச்சீலையின் முன் நின்று, நேரே நோக்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவியுடன், 1880 முதல் 1980 வரையிலான தமிழகப் படநிலைய ஒளிப்படங்களைத் தேடி எண்ணிம வடிவில் காத்துள்ளது. நேரே நோக்கி நிற்றல் என்பது தம்மை எவ்வாறு காட்டிக்கொள்ள வேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்தோர் உருவாக்கிய வழக்கம் என்பதற்கு இத்தொகுப்பு சான்றாகக் கொள்ளத்தக்கது.

மானிடவியலாளர் கிறிஸ்டோபர் பின்னி 1997இல் வெளியிட்ட நூலில், மத்தியப் பிரதேசத்தின் நாக்தா என்னும் தொழில்நகரை ஆராய்ந்தார். ஆய்வுக்காலத்தில் அறிமுகமான ஒருவரை அவர் இயல்பு நிலையில், உடலின் ஒரு பகுதி மட்டும் தெரிய, நிழல் படிந்த முகத்தோடு படமெடுத்தார். எடுக்கப்பட்டவர் அப்படத்தை ஏற்க மறுத்தார். முழு உடலும் தெளிந்த முகமும் இல்லாத படம் அவருக்குப் படமாகவே தோன்றவில்லை. ஆய்வாளருக்கு உண்மையை வெளிப்படுத்தும் உத்தியாக இருந்தது, எடுக்கப்பட்டவருக்குத் தம்மைக் குறைத்துக் காட்டும் செயலாக இருந்தது. தொழிலால் உருமாறிவரும் நாக்தாவின் நிலை சிமெண்ட் ஆலைகளால் உருமாறிய அரியலூருக்கும் அயலானதன்று.

தமிழ்க் கவிதையியலில் 'நோக்கு' என்பது தொல்காப்பியம் கூறும் செய்யுள் உறுப்புகளுள் ஒன்று. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் தலைப்பு பொருட்பாலிலும் (அதிகாரம் 71) காமத்துப்பாலிலும் (அதிகாரம் 110) இருமுறை அமைந்துள்ளது. அரசவையிலும் காதலிலும் நோக்கு என்பது நோக்குபவருக்கும் நோக்கப்படுபவருக்கும் இடையே நிகழும் பரிமாற்றமாகவே அங்கே கொள்ளப்படுகிறது. கோயிலில் தெய்வத்தைக் காணச் செல்வோர் தெய்வத்தின் பார்வை தம்மீது படுவதையும் வேண்டுகின்றனர். எதிர்ப்பார்வை இல்லாத பார்வை இப்பண்பாட்டில் கண்ணேறு என்ற அச்சத்தை எழுப்புவது. கைக்குழந்தையைப் படமெடுக்கத் தாய்மார் தயங்குவதன் பின்னணியும் இதுவே. ஆகவே, நேரே பார்த்து நிற்பவர் படத்தைக் கெடுப்பவர் அல்லர். ஒருதலைப் பார்வையை இருதலைப் பார்வையாக மாற்றுபவர் அவர்.

7. கணத்துக்குள் அடங்காத நிலம்

கணக் கோட்பாட்டுக்கு இப்பகுதியில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. அரியலூரின் முதன்மைச் செய்தி கணத்தில் நிகழ்வதன்று. கடலடியில் படிந்து உருவான சுண்ணாம்புக்கல் இப்பகுதியில் மிகுதி. அதனை வெட்டியெடுத்து இயங்கும் சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த மாவட்டம் இது. அரசு நிறுவனமான டான்செம் ஆலையும் தனியார் ஆலைகளும் இங்குள்ளன. சுரங்கக் குழிகள் ஆண்டுதோறும் விரிகின்றன. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஊர்ச்சாலைகளில் ஓடுகின்றன. சாலையோர இலைகளிலும் கூரைகளிலும் தூசி படிகிறது. வயல் குழியாவதும், உழவர் ஆலைத் தொழிலாளர் ஆவதும் ஒரு தலைமுறைக் காலத்தில் நிகழும் மாற்றம்.

நொடியில் 125இல் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடும் கேமரா, லாரி கிளப்பிய தூசியின் ஊடே செல்லும் மிதிவண்டியை அழகிய படமாக்கிவிடும். வெண்தூசியில் கதிரொளி படும்போது காட்சி கண்ணைக் கவர்வது இயல்பே. ஆயின் அத்தூசியை நாள்தோறும் சுவாசிப்பவருக்கு அது அழகன்று. படம் எவ்வளவு நேர்த்தியாக அமைகிறதோ அவ்வளவுக்கு அத்துன்பம் மறையும் இடர் இங்குண்டு. தூசியை ஒளியாக மட்டும் காணும் படம் இத்தெருவைப் பற்றிப் பொய் கூறவில்லை. அதன் வரலாற்றைக் கூறாமல் விடுகிறது. ஒரே திருப்பத்தை, ஒரே வீட்டை, ஒரே குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் மீளமீள எடுக்கும் தொடர்ப்படமே அவ்வரலாற்றைத் தாங்க வல்லது. ரகுபீர் சிங் ஒற்றை மையத்தைப் பல மையங்களாக இடவெளியில் விரித்தார். அரியலூர் வேண்டுவது அவ்விரிவைக் காலவெளியிலும் நிகழ்த்தும் முறையை.

8. பழகி நோக்கல்

இத்தகைய முறைக்குத் தமிழகத்தில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. மதுரைப் பகுதியைச் சேர்ந்த ம. பழனிக்குமார், கையால் மலம் அள்ளும் தொழிலாளரைப் பற்றித் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பின்னர் 'பாரி' என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகத்தின் ஒளிப்படக் கலைஞரானார். தயானிதா சிங் பெயரில் பாரி வழங்கும் ஆவண ஒளிப்பட விருதை 2022இல் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. இராமநாதபுரம் கடலோரத்தில் கடற்பாசி சேகரிக்கும் பெண்களை அவர் எடுத்த படங்கள் 2019இல் வெளிவந்தன. துணிக் கையுறை கட்டி, கண்ணாடி அணிந்து, கடலில் மூழ்கிப் பாசி அறுக்கும் பெண்களை நீருக்குள்ளும் தொடர்ந்து எடுத்த படங்கள் அவை.

இப்படங்களில் இடம்பெற்றோர் கேமரா இருப்பதை அறிவர். சில படங்களில் வேலையில் மூழ்கியுள்ளனர். சிலவற்றில் நேரே பார்க்கின்றனர். இரண்டிலும் நடிப்பில்லை. அறியாமையால் வந்த இயல்பு அன்று இது. அறிந்தும் தம்மை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை என்னும் நம்பிக்கையால் வந்த இயல்பு. இதனைப் 'பழகி நோக்கல்' எனலாம். கார்த்தியே-பிரெஸ்ஸானின் விரைவும் கூர்மையும் இதற்கு எதிரானவை அல்ல. பழகிய இடத்திலும் கணம் உண்டு. அதனைப் பிடிக்க அதே பயிற்சி வேண்டும். மாறுவது அக்கணத்துக்கு முன்னும் பின்னும் நிகழ வேண்டியவை. முன்னர் அறிமுகமும் உரையாடலும். பின்னர் எடுத்த படத்தைக் காட்டலும், வேண்டாம் என்றால் நீக்கலும், அச்சிட்டுக் கொடுத்தலும்.

பழகி நோக்கலுக்கு எதிராகவும் ஒரு வாதம் உண்டு. இசைவு கேட்டால் அதிகாரத்தின் முறைகேடு, காவலரின் அடி, ஆலையின் விதிமீறல் ஆகியவை படமாகா. பழகியவர் பழகியவரை நயமாகவே காட்டுவார் என்ற ஐயமும் எழும். இவ்வாதம் வலுவுடையது. வலியவரை எடுப்பதற்கும் எளியவரை எடுப்பதற்கும் ஒரே விதி பொருந்தாது என்பதே இதற்கு விடையாகும். பொறுப்பில் இருப்போர் பொதுவிடத்தில் செய்யும் செயலைப் படமெடுக்க அவர்தம் இசைவு தேவையில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் கூலித்தொழிலாளியின் களைப்பு அத்தகைய பொதுச்செயல் அன்று. உள்ளூரில் சாதியாலும் பணத்தாலும் உயர்ந்தோரை எடுக்கத் தயங்கும் கேமரா, நடைபாதையில் உறங்குவோரை மட்டும் தயங்காமல் எடுக்குமாயின், அதனைத் துணிவு என்று கொள்ள இயலாது.

9. முடிவுரை

முன்னோடி ஒருவரைப் பின்பற்றும் தெரு ஒளிப்படக்கலை குறித்து இக்கட்டுரை கண்ட முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன.

கார்த்தியே-பிரெஸ்ஸான் மரபு ஆங்கிலத் தலைப்பின் வழியே 'கணம்' என்னும் ஒற்றைக் கருத்தாகச் சுருங்கிப் பரவியது. அவருடைய பிரெஞ்சுத் தலைப்பும், தமிழ் நிலத்தில் அவர் இசைவு பெற்று எடுத்த படங்களும் அம்மரபின் மற்றொரு முகத்தைக் காட்டுகின்றன.

ரகுபீர் சிங் கற்றவற்றோடு வாதிட்டதனாலேயே மரபை வளர்த்தார். வண்ணமும் பல்மையச் சட்டகமும் அவ்வாதத்தின் பயன்கள். ஒளிப்படக்காரரின் அந்நிய நிலை பற்றிய வாதம் அவருக்குப் பின் வருவோரின் பணியாக எஞ்சியுள்ளது.

பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊர்களில் மறைந்து நோக்கல் கலையளவில் தெருவை இழந்து முகத்தை மட்டும் எடுக்கும் படங்களுக்கும், அறத்தளவில் பெயருடைய மனிதருக்கு நேரும் தீங்குக்கும் வழிவகுக்கிறது. அங்கே மக்கள் நேரே நோக்கி நிற்பது தம் தோற்றத்தின்மீது அவர்களுக்குள்ள உரிமையின் வெளிப்பாடு. அதனையும் படத்தின் பொருளாக ஏற்கும் கலைஞருக்கே அத்தெரு முழுமையாகத் திறக்கும்.

இம்மாவட்டங்களின் தெருக்களைப் படமெடுக்கத் தகுதி மிக்கவர் அங்கேயே வாழ்பவர். எடுத்த படத்தோடு மறுநாள் அதே தேநீர்க் கடைக்குச் செல்ல வேண்டியவர் அவர். அக்கட்டாயம் அவருடைய கலைக்குத் தடையாகாது. எதை எடுக்கலாம், எதை எடுக்கலாகாது என்பதை நூல்களைவிடத் தெளிவாக அவருக்கு உணர்த்துவது அதுவே.